அக்கா போல்டு

அன்று காலை செக்கிங் மேசையில் வந்து விழுந்த முதல் கட்டு முழுவதும் குழந்தைகள் போடும் மஞ்சள் பனியன்கள். சின்னத்தாய் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டாள். நெஞ்சுக்குக் குறுக்கே கொழுகொழுவென்று கறுப்பு எழுத்தில் ‘நல்லாப் படி கண்ணு’ என்று அச்சடித்திருந்தது.

ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவதும்தான் அவள் வேலை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஆனால் அன்று அவள் கண் ஓட்டையைத் தேடவில்லை. ‘டி’யின் தலையில் குடைபோலக் கவிந்திருந்த வளைவைப் பார்த்தது. ‘ணு’வின் வால் கீழே இறங்கப் பிடிக்காமல் மேலே சுருண்டு கிடந்ததைப் பார்த்தது. பெற்ற பிள்ளையைத் தேர்க் கூட்டத்தில் வேறு யாரோ தோளில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தவள் போல அவள் கை பனியன் மேலேயே நின்றுவிட்டது.

அது அவளுடைய கையெழுத்து.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் சின்னத்தாய். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், எழுத்தெல்லாம் மறந்த பிறகு, திருப்பூரில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இதே கம்பெனியின் பேக்கிங்கில். அட்டைப் பெட்டி மேல் குண்டு மார்க்கரால் சைஸும் ஊர்ப் பெயரும் எழுத வேண்டும். பென்சில் பிடித்துக் கற்றவர்களுக்கு எழுத்து மெலிந்து வரும். அவளுக்கோ ஒவ்வொரு எழுத்தும் வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல வந்தது. மாலை பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றபடி சிரித்துக்கொண்டு போகும் பெண்களைப் போல எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும்.

அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கேண்டீன் வாசல் வெள்ளைப் போர்டில் அன்றைய சாப்பாட்டை எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். சாம்பார், பொரியல் என்று எழுதிய பிறகு கீழே கொஞ்சம் இடம் மிஞ்சும். அதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ‘மோர் வச்சிருக்கு, குடிச்சுட்டுப் போங்க’ என்று ஒரு நாள் எழுதினாள். ‘கட்டிங் முனீஸுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு’ என்று இன்னொரு நாள். எண்ணூறு பேர் வேலை செய்யும் இடம் அது. எல்லாருக்கும் ஒரு நம்பர் உண்டு. பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். அன்று முனீஸின் கையை முந்நூறு பேர் பிடித்துக் குலுக்கினார்கள். யாரென்றே தெரியாத ஒடிசாக்காரப் பையன்கள்கூட வந்து குலுக்கினார்கள். முனீஸ் கட்டிங் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து அழுதான். அதற்குப் பிறகு போர்டில் ஒரு பெயராவது எழுதாமல் சின்னத்தாய்க்கு நாள் தொடங்காது. காலையில் முருகன் படத்துக்கு ஒரு பூ வைப்பது எப்படியோ, அதுபோலத்தான் இதுவும் அவளுக்கு.

மஞ்சள் பனியனை எடுத்துக்கொண்டு ஜெயபாரதியிடம் போனாள். ஜெயபாரதி செக்கிங் பகுதிக்கு இன்சார்ஜ். ஒன்பது வருடமாக இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

“ஏ பாரதி, இதப் பாரேன். போன ஆடியில உம்மக வினிதாவுக்கு ஸ்கூல் சார்ட்டுன்னு கேட்டியே, இருநூத்தி நாப்பத்தேழு எழுத்தும் எழுதிக் குடுத்தேன்ல? கடைசில பிள்ளைக்குன்னு ஒரு வரி எழுதுனேன். அது அப்படியே பனியன்ல வந்திருக்கு!”

ஜெயபாரதி பனியனைப் பார்க்காமல் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். “அது கம்ப்யூட்டர் எழுத்துங்க்கா. டிசைனர் கீர்த்தனா மேடம் போட்டது. அக்கா போல்டுன்னு பேரு.”

“யாரு அக்கா?”

“சும்மா ஒரு பேருங்க்கா. போய் வேலையைப் பாருங்க, ஷிப்மெண்ட் இருக்குது.”

சின்னத்தாய் யாரையும் சந்தேகிக்கத் தெரியாதவள். இது ஒரு குறையென்றால் அந்தக் கட்டிடத்தில் அதற்கு ஸ்டிக்கர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சார்ட்டை யாரோ பார்த்து ஆசைப்பட்டு எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. மத்தியானம் எச்.ஆர். மேனேஜர் அருள்செல்வனிடம் போய், வெட்கத்தோடு, “சார், அந்த எழுத்து நான் எழுதுனது” என்றாள்.

அருள்செல்வன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்தக் கம்பெனியில் மரியாதைக்கு என்றும் குறைவு இருந்ததில்லை.

“உக்காருங்க்கா. ரொம்ப சந்தோசமுங்க. நீங்கதான் எழுதுனீங்கன்னு நீங்க சொல்றீங்க. நாங்க நம்பறோமுங்க. ஆனா நம்பறதுக்கு ஒரு ப்ரொசீஜர் இருக்குதுங்களே.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். சும்மா சொல்லணும்னு தோணுச்சு.”

“அப்படிச் சும்மா விட முடியாதுங்க்கா. நீங்க வாய்ல சொன்னது இப்ப கம்ப்ளைண்ட் ஆயிருச்சு. கம்ப்ளைண்ட் வந்தா குழு போடணும்னு ஆடிட்ல எழுதியிருக்குதுங்க.”

வியாழக்கிழமை எழுத்து ஒப்பீட்டுக் குழு கூடியது. அருள்செல்வன் ஒருவன், டிசைனர் கீர்த்தனா ஒருத்தி, தர மேனேஜர் பெருமாள்சாமி ஒருவர். சாட்சியாக ஜெயபாரதி.

பெருமாள்சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பனியன் தொழிலில் அப்ரூவல் சாம்பிள் என்று ஒன்று உண்டு. வாங்குகிறவர் ஒரு பீஸைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிடுவார். பிறகு தைக்கும் ஆயிரக்கணக்கான பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். ஒருமுறை அப்படி வந்த சாம்பிளில் வலது கை அரை அங்குலம் நீளமாக இருந்தது. நாற்பதாயிரம் பனியனுக்கும் வலது கையை அரை அங்குலம் நீட்டித் தைக்க வைத்தார் பெருமாள்சாமி. கை சரியாக இருந்த இருநூறு பீஸை ரிஜெக்ட் செய்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். சாம்பிளுக்கு மேல் ஒரு உண்மை இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

சின்னத்தாயை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதை உள்ளே விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, அதன்மேல் சீல் போட்ட அக்கா போல்டு தாளை வைத்து, துணியில் இழை எண்ணும் பூதக்கண்ணாடியோடு பெருமாள்சாமி குனிந்தார்.

“ஏனுங்க்கா, சாம்பிள்ல ‘ழ’வோட வால் பதினாறு எம்.எம். நீங்க போட்டது பத்தொம்பது.”

“நேத்து முச்சூடும் தோள் வலி சார். இழுத்துருச்சு.”

“அதைத்தானுங்க சொல்றேன். சாம்பிளுக்குத் தோள் வலி வராதுங்க.” அவர் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தார். “இங்க ஒரு ‘ல’ போட்டிருக்கீங்க. அங்க ஒரு ‘ல’ போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒரே மாதிரி இல்லீங்களே?”

“கையால எழுதுனா அப்படித்தான சார் வரும்?”

கீர்த்தனா அன்பாகச் சிரித்தாள். “அக்கா, நம்ம ஃபாண்ட்டுக்கு கையால எழுதுன ஃபீல் இருக்கணும். கையால எழுதியிருக்கக் கூடாது.”

குறை இருந்த இடத்தில் எல்லாம் அம்புக்குறி ஒட்ட வேண்டும் என்றார் பெருமாள்சாமி. ஸ்டிக்கர் கைவசம் இல்லை. சின்னத்தாயின் மேசையிலிருந்தே அட்டையை எடுத்துவரச் சொன்னார்கள். ஒட்டும் வேலை ஜெயபாரதிக்கு. அவள் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாக ஒட்டினாள். நாற்பத்து மூன்று வந்தது.

“பாரதி, நீயே சொல்லு தாயி,” என்றாள் சின்னத்தாய். “வினிதா சார்ட்டுக்குத்தான எழுதிக் குடுத்தேன்? செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் சாயங்காலம் விளக்குப் போட்டுட்டு உக்காந்து எழுதுனேன்னு சொன்னேன்ல?”

எல்லாரும் ஜெயபாரதியைப் பார்த்தார்கள். ஜெயபாரதி ஸ்டிக்கர் அட்டையைப் பார்த்தாள்.

“எம்பொண்ணு ஸ்கூல்ல தமிழே இல்லீங்க சார். அவளுக்கு ரெண்டாவது பாடம் பிரெஞ்சு.”

அருள்செல்வன் அதை எழுதிக்கொண்டான். அது முழு உண்மை. அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட வார்த்தைகளில் அதைவிட உண்மையானது எதுவுமில்லை. அப்படியொரு சார்ட்டே இல்லை என்பது சின்னத்தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவள் மேசை மேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. ‘தங்கள் கையெழுத்து எங்கள் எழுத்துருவை நெருங்கி வருகிறது. எனினும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டுகிறது. தரம் குறைந்த சாயலைப் பொது இடத்தில் பயன்படுத்துவது நிறுவனத்தின் பெயருக்குக் கேடு. எனவே மறு உத்தரவு வரும்வரை தாங்கள் கேண்டீன் போர்டில் எழுதக் கூடாது.’

இந்தக் கடிதம் முழுவதும் அக்கா போல்டில் அச்சடிக்கப்பட்டிருந்தது. சின்னத்தாய் படித்தாள். தானே தனக்கு எழுதிக்கொண்ட கடிதம் போலிருந்தது. ‘கூடாது’ என்ற சொல்லை அவள் அதுவரை எழுதியதே இல்லை. தன் எழுத்தில் அது எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். அதுவும் கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

போர்டு இருந்த இடத்தில் டி.வி. வந்தது. முதல் நாள் அதில் பெரிய எழுத்தில் ஓடியது: ‘இன்று ஊழியர் ஒருவருக்குப் பிறந்த நாள். அவருக்கு வாழ்த்துகள்.’ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பேரைப் போட்டா என்ன சார்?” என்று முனீஸ் போய்க் கேட்டான்.

“பிரைவசிங்க,” என்றான் அருள்செல்வன்.

“நாங்க பாட்டுக்கு யாருன்னு தெரியாம எல்லார் கையையும் புடிச்சுக் குலுக்கவா?”

“குலுக்கலாமுங்க. டீம் ஸ்பிரிட் வளரும்.”

சின்னத்தாய் கோபப்படவில்லை. கோபத்துக்குப் பதில் அவள் ஒரு மனு எழுதினாள். போர்டில் எழுத விட்டால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி, யாரையும் புண்படுத்தாமலிருக்க எழுத்தை ஒல்லியாக்கப் பார்த்தாள். வரவில்லை. மனுவைப் பார்த்த அருள்செல்வன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான்.

“இந்த எழுத்துல மனு வாங்கக் கூடாதுங்க்கா. நானே விதிமீறலுக்கு உடந்தையாயிருவேன். ஆனா உங்களைக் கைவிட மாட்டோமுங்க. பயிற்சி இருக்குது.”

அப்படித்தான் கையெழுத்துத் திருத்தப் பயிற்சி தொடங்கியது. நாலு சனிக்கிழமை. கோயமுத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் மடிக்கணினியோடு வந்தார். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம் ஒன்றை சின்னத்தாயிடம் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய எழுத்து இருந்தது. அதன்மேல் அவள் தடவி எழுத வேண்டும்.

“மேடம், கையை இறுக்காதீங்க. இந்த எழுத்தை எழுதுனவங்க மனசைக் கற்பனை பண்ணிப் பாருங்க. ஏதோ ஒரு குழந்தையை நினைச்சு, பாசத்தோட எழுதியிருக்காங்க. அந்தப் பாசம் உங்க கையில வரல.”

“வராது சார்,” என்றாள் சின்னத்தாய். “இப்ப வராது.”

பயிற்சியாளர் அறிக்கையில் ‘ஒத்துழைக்கிறார், உணர்வு போதாது’ என்று எழுதினார். முதல் நிலைச் சான்றிதழ் கிடைத்தது. முதல் நிலையில் பெட்டி மேல் எண் மட்டும் எழுதலாம்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், மண்ணரைக்குப் போகும் வழியில், ஜெயபாரதி வந்து அவளருகே உட்கார்ந்தாள்.

“பேச மாட்டீங்களாக்கா?”

சின்னத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“கீர்த்தனா மேடம்தான் கேட்டாங்க. இந்த எழுத்து முழுசும் வேணும்னாங்க. கம்பெனிக்குன்னு கேட்டா ஒப்பந்தம் போடணும், சம்மதம் வாங்கணும், ஆறு மாசம் ஆகும்னாங்க.” ஜெயபாரதி குரலைத் தாழ்த்தினாள். “நாந்தானுங்க்கா சொன்னேன். கொழந்தைக்குன்னு கேட்டா சின்னத்தாயக்கா எதையுமே கேக்காம எழுதிக் குடுத்துருவாங்கன்னு.”

சின்னத்தாய் திரும்பி அவளைப் பார்த்தாள். சார்ட் பொய் என்று தெரிந்த பிறகும், யாரோ சொல்லித்தான், பயந்துபோய்த்தான் பாரதி கேட்டிருப்பாள் என்றே அவள் நினைத்திருந்தாள். தன்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தி, நன்றாகத் தெரிந்ததனாலேயே இதைச் செய்திருக்கிறாள் என்பது அவள் நினைப்பில் வந்ததே இல்லை.

“அப்பத்தானே உன்னைய இன்சார்ஜ் ஆக்குனாக?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாங்க்கா.”

“நல்லாரு.”

அவள் அதைச் சபிப்பதுபோலச் சொல்லவில்லை. அதனால்தான் ஜெயபாரதி அடுத்த நிறுத்தத்திலேயே, தன் நிறுத்தம் வராமலே இறங்கிவிட்டாள்.

தை மாதம் ஒரு சங்கம் அந்தக் கம்பெனிக்கு விருது கொடுத்தது. விருதின் பெயர் ‘உழைக்கும் பெண்களின் கையெழுத்தைக் காத்த நிறுவனம்’. பந்தல், நாதஸ்வரம், எல்லார் நெஞ்சிலும் அக்கா போல்டு அச்சடித்த பனியன். குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெண் தொழிலாளி வேண்டும் என்றார்கள். திருத்தப் பயிற்சியில் தேறிய ஒரே ஆள் என்பதால் சின்னத்தாயைக் கூப்பிட்டார்கள். அவள் வந்தாள். விழா முடிந்ததும் முதலாளியிடமே நேரில் கேட்டுவிடலாம், போர்டைத் திரும்பக் கொடுத்துவிடுவார் என்று மனதின் ஒரு மூலையில் நம்பிக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்றும்போது முருகா, ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

முதலாளி லிங்கசாமி மைக்கைப் பிடித்தார்.

“நானு நூல் மூட்டை தூக்கி மேல வந்தவனுங்க. தொழிலாளி கஷ்டம் எனக்குத் தெரியும். இந்த எழுத்தை எழுதுனது யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. யாருன்னு தெரியாதுங்க. தெரியாம பாத்துக்கிட்டோம். ஏன்னா ஒரு பேரைப் போட்டா அது அந்த ஒருத்தருக்கு மட்டும் சொந்தமாயிருமுங்க. பேரே போடலீன்னா எல்லாத்துக்கும் சொந்தம். எல்லாத்துக்கும்னா எப்படிப் பிரிச்சுக் குடுக்கறது? அதனால கம்பெனியே பத்திரமா வெச்சிருக்குது. இது ஒரு தியாகமுங்க.”

கைதட்டல் அடங்கியபோது சின்னத்தாய் அவர் பக்கம் போனாள். “அய்யா, கேண்டீன்ல போர்டு...”

“ஆமாம்மா, டி.வி. வெச்சுக் குடுத்திருக்கறோம்ல? நல்லாப் பாருங்க,” என்று கும்பிட்டுவிட்டு அவர் போட்டோவுக்கு நகர்ந்தார்.

அருள்செல்வன் பதிவேட்டோடு வந்தான். விளக்கேற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். அது சங்கத்தின் அலுவலகத்துக்குப் போகும். சின்னத்தாய் பேனாவை எடுத்தாள். அவன் மெதுவாக அவள் கையைத் தடுத்தான். முகத்தில் உண்மையான சங்கடம் இருந்தது.

“மன்னிக்கணுமுங்க்கா. உங்க பேரை நீங்க எழுதினா அது நம்ம ஃபாண்ட் மாதிரியே வருது. வெளிய போற பேப்பர்ல அது வரக் கூடாதுங்க. ஒரு தொந்தரவும் இல்லாம இது கொண்டாந்திருக்கேன்.”

ஊதா மைப் பெட்டி. கைநாட்டுக்கு.

பக்கத்தில் கீர்த்தனா, பெருமாள்சாமி, தட்டில் சந்தனமும் குங்குமமுமாக ஜெயபாரதி. சின்னத்தாய் மைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இடது கை அதுவரை எழுதியதே இல்லை. ‘சி’யின் கொக்கி உடைந்து விழுந்தது. ‘ன்’ இரண்டு முறை நின்று நின்று போனது. ‘தாய்’ கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை எழுதியதுபோல, மெலிந்து, நடுங்கி, ஆனால் அவள் பெயராக அது அங்கே இருந்தது.

பெருமாள்சாமி குனிந்து பார்த்தார். “சாம்பிளோட துளிகூட ஒத்துப்போகலீங்க,” என்றார் நிம்மதியாக. “பாஸ்.”

சின்னத்தாய்க்கு முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

கீர்த்தனா எட்டிப் பார்த்தாள். அவள் கண் அகலமாயிற்று. “அய்யோ, சோ க்யூட்! இது எவ்வளவு பாவமா, உண்மையா இருக்கு. அக்கா, நாங்க அடுத்த சீசனுக்கு இந்த மாதிரிதான் தேடிக்கிட்டு இருக்கோம். அப்படியே இருங்க, ஒரு போட்டோ,” என்று போனை எடுத்தாள்.

சின்னத்தாய் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே வலது கட்டை விரலை மைப் பெட்டியில் வைத்தாள். நன்றாக அழுத்தி எடுத்து, ஈரம் காயாத தன் பெயரின் மேல் வைத்து, இப்படியும் அப்படியும் உருட்டினாள். ஒரு எழுத்தும் தெரியாமல் போகும்வரை உருட்டினாள். எடுத்தபோது அங்கே ஊதாக் கறை ஒன்றுதான் இருந்தது.

“அய்யோ!” என்றாள் கீர்த்தனா.

“கரெக்ட்டுங்க்கா, இவ்வளவுதான் வேணும்,” என்று அருள்செல்வன் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகும் ஜெயபாரதி நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பந்தல் ஓரத்துக் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்தாள். கண் கலங்கியிருந்தது. முந்தானையை எடுத்துச் சின்னத்தாயின் விரலைப் பிடிக்கப் போனாள்.

சின்னத்தாய் விரலை இழுத்துக்கொண்டாள்.

“தண்ணிய மட்டும் ஊத்து தாயி,” என்றாள். “கையக் குடுக்க மாட்டேன்.”